டுவோலிங்கோவின் ஸ்பானியப் பாடம்: கேனரித் தீவுக்குப் படிக்கப் போகும் நம்மூர் மாணவருக்கு எவ்வளவு உதவும்?

ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் பிளஸ் போன்ற பரிமாற்றத் திட்டமொன்றில், கேனரித் தீவுக் கூட்டத்தின் தெனெரிஃபே தீவிலுள்ள லா லகூனா பல்கலைக்கழகத்திலோ கிரான் கனாரியா தீவிலுள்ள லாஸ் பல்மாஸ் பல்கலைக்கழகத்திலோ ஒரு தவணை படிக்க இடம் கிடைத்துவிட்டது என்று வையுங்கள். வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் இருக்கிற மாணவருக்கு அதற்குப் பிறகு இருக்கிற அவகாசம் ஐந்தாறு மாதம். மட்டக்களப்பு நகரில் ஆங்கிலத்துக்கு இருக்கிற வகுப்பு வசதி ஸ்பானியத்துக்கு இல்லை. ஆகவே போனில் டுவோலிங்கோ என்ற மொழி கற்கும் செயலியை இறக்கிக்கொண்டு தொடங்குவதுதான் வழக்கம். ஆங்கில வழியாக ஸ்பானியம் சொல்லித்தரும் அந்தப் பாடத்தைத்தான் இங்கே பார்க்கிறோம். தீவுக்குப் போகிறவருக்கு அது நல்ல தெரிவு. மாட்ரிட்டுக்குப் போகிறவரைவிட இவருக்கே கூடுதலாகப் பயன்படும். ஆனால் தமிழர் இதை ஆங்கிலத் தலையோடு படித்தால் பாதிப் பயன் வீண்.

முதலில், தீவுக்கு ஏன் பொருந்துகிறது என்பது. டுவோலிங்கோ சொல்லித்தருவது இலத்தீன் அமெரிக்க ஸ்பானியம். கேனரித் தீவு அரசியல் ரீதியில் ஸ்பெயின், பேச்சில் கரீபியனுக்குக் கிட்ட. நூற்றாண்டுக் கணக்காக இந்தத் தீவு மக்கள் கியூபாவுக்கும் வெனிசுவேலாவுக்கும் குடிபெயர்ந்தும் திரும்பியும் வந்ததில் மொழியும் கலந்துவிட்டது. மாட்ரிட்டில் நண்பர்கள் பலரைப் பார்த்து 'வொசோத்ரோஸ்' என்பார்கள்; அதற்கென்று தனி வினைமுடிவுகள் உண்டு. கேனரியில் பெரும்பாலும் எல்லாருக்கும் 'உஸ்தெதேஸ்' மட்டும்தான். செயலியும் அதையே பழக்குகிறது. மாட்ரிட்டில் நாக்கைப் பல்லிடுக்கில் வைத்து உச்சரிக்கிற 'ஸ' இங்கே வெறும் 'ஸ'. இன்று நடந்ததைச் சொல்லவும் தீவில் சுருக்கமான இறந்தகாலமே போதும்: 'ஒய் கொமி', இன்றைக்குச் சாப்பிட்டேன். ஆகவே பாடத்தில் அந்த இறந்தகாலம் வரும் அலகுகளைத் தாவாமல், இரண்டு தடவை செய்ய வேண்டும்.

பொருந்தாத சொற்கள் கொஞ்சம் உண்டு. கார் என்பதற்குச் செயலி 'கார்ரோ' என்கிறது, தீவில் 'கோச்சே'. கணினிக்கு அங்கே 'ஒர்தெனதோர்', பழச்சாறுக்கு 'சூமோ'. பஸ்ஸுக்குத் தீவுக்கென்றே ஒரு சொல்: 'குவாகுவா', காதில் 'வாவா' என்றுதான் விழும். பஸ் பிடிப்பதை 'கொஹெர்' என்ற வினையால் சொல்வார்கள். பல அமெரிக்க நாடுகளில் அது கொச்சையானபடியால் செயலி 'தொமார்' என்ற வினையைத்தான் பாவிக்கும். தீவில் 'கொஹெர் லா குவாகுவா' என்பது வீட்டில் அம்மாவிடமும் சொல்லக்கூடிய வசனம்.

இனி நம்முடைய பக்கம். செயலியில் வரும் 'மே குஸ்தா எல் கஃபே' என்பதை 'ஐ லைக் கோஃபி' என்று பிடித்துக்கொள்கிறவர் பல வாரம் தடுமாறுவார். விரும்புகிறவர் எழுவாயாக இல்லாமல் கோப்பி எழுவாயாக வருவது ஆங்கிலக்காரருக்கு விசித்திரம். நமக்கோ அது 'எனக்குக் கோப்பி பிடிக்கும்'. சொல்லுக்குச் சொல் அதே கட்டு. 'மே துவேலே லா கபேஸா' என்றால் எனக்குத் தலை வலிக்குது. வினைமுடிவே ஆளைக் காட்டிவிடுவதால் 'நான்' என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை. 'போய்' என்றாலே 'போறன்'. செயலி 'யூ' என்று கொடுக்கிற இடத்தில் நீயா, நீங்களா, பலரா என்று தெரியாமல் விடை பிழைக்கும். அங்கே 'தூ' என்றால் நீ, 'உஸ்தெத்' என்றால் நீங்கள் என்று நம் மரியாதையிலேயே நிறுத்திக்கொள்ளுங்கள். புதுப் பாடம் ஒவ்வொன்றுக்கும் ஒரு கொப்பியில் தமிழ் வசனத்தைப் பக்கத்தில் எழுதிவைப்பது, செயலி தரும் இலக்கணக் குறிப்பைவிடப் பலன் தரும்.

எங்கே தமிழ் உதவாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். சடப்பொருளுக்கு ஆண்பால் பெண்பால் நம்மிடம் இல்லை. செயலி விதியை விளக்காமல் திருப்பித் திருப்பிக் கேட்டே பதியவைக்கப் பார்க்கிறது. பெயர்ச்சொல்லைத் தனியாகப் படிக்காமல் முன்னொட்டோடு ஒரே சொல்லாகப் படியுங்கள்: 'லா மானோ' (கை), 'எல் ப்ரொப்லேமா' (பிரச்சினை). குளிர் சூடு இன்னொரு இடறல். 'எனக்குக் குளிருது' என்பதற்கு 'தெங்கோ ஃப்ரீயோ', சூட்டுக்கு 'தெங்கோ கலோர்'. ஆங்கிலத்தில் 'ஐ ஆம் ஹொட்' என்பதை அப்படியே மாற்றினால் ஆபாசமான பொருள் வந்துவிடும்.

உச்சரிப்பில் நமக்கு ஒரு பெரிய வசதி: 'எல்லாம்' என்ற பொருள்தரும் 'தோதோ' என்ற சொல்லைத் தமிழ் வாசிப்பதுபோல வாசித்தால் போதும். முதல் 'தோ' வன்மையாகவும் நடுவில் வருவது மென்மையாகவும் வரும். ஸ்பானியரும் அப்படியேதான் சொல்கிறார்கள். தக்காளியை ஆங்கிலப் பழக்கத்தில் 'டொமேட்டோ' ஆக்காமல் 'தொமாத்தெ' என்று பல்லில் வைத்துச் சொல்லுங்கள். 'ஞ' நம் எழுத்திலேயே உண்டு. ஆண்டு என்பது 'ஆஞோ'. போனில் ஸ்பானிய விசைப்பலகை சேர்க்காமல் சாதாரண 'ன' போட்டு வயதை எழுதினால் அந்தச் சொல் உடம்பின் மறைவான உறுப்பைக் குறிக்கும். பிழைக்கிற இடம் சொல்லின் தொடக்கம். 'இரண்டு' என்று பொருள்தரும் 'தோஸ்' என்ற சொல்லின் முதல் ஒலி 'தர்மம்' என்பதை அதிர்வோடு சொல்லும்போது வருகிற 'த'. அதை 'தண்ணி'யின் 'த' ஆக்கினால் அதே 'தோஸ்' இருமல் ஆகிவிடும். முத்தம் 'பேஸோ'வும் எடை 'பேஸோ'வும் இதே கதை. செயலியின் பேச்சுப் பயிற்சி இவற்றைத் தாராளமாகச் சரி என்று ஏற்றுக்கொள்கிறது. இதுதான் அதன் பெரிய பலவீனம் என்று சொல்லலாம். கடைக்காரர் அப்படி ஏற்கமாட்டார். உங்கள் குரலைப் போனில் பதிந்து, செயலியின் குரலோடு அடுத்தடுத்து வைத்துக் கேளுங்கள்.

அதைவிடச் சிரமம் காதுக்கு. செயலியின் குரல்கள் ஒவ்வொரு எழுத்தையும் துலக்கமாக உச்சரிக்கும். தீவில் சொல்லின் இறுதி 'ஸ்' காற்றாகக் கரைந்துவிடும்: 'லாஸ் பாப்பாஸ்' (உருளைக்கிழங்குகள்) என்பது 'லஹ் பாப்பஹ்'. புத்தகத் தமிழ் படித்த ஒருவர் மட்டக்களப்பு பஸ் நிலையத்தில் "ஒள்ளுப்பம் பொறுங்க, மறுகா வாறன்" என்று கேட்டால் முழிப்பாரே, அதே நிலைதான். இதற்குச் செயலிக்குள் மருந்து இல்லை. கேனரித் தொலைக்காட்சியின் செய்தியையும் வானிலை அறிக்கையையும் இணையத்தில் தினமும் பத்து நிமிடம் கேட்க வேண்டும். வானிலையில் தொடங்குவது நல்லது, சொற்கள் திரும்பத் திரும்ப அதேதான் வரும். அந்த வானிலையே தயாரிப்புக்கும் உதவும்: லா லகூனா நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 550 மீற்றர் உயரத்தில், பனிமூட்டத்துக்குள் இருக்கிறது. ஜனவரி இரவில் வெப்பம் 10 பாகை அளவுக்கு இறங்கும், பல வீடுகளில் சூடேற்றி கிடையாது. தீவுதானே என்று கல்லடிக் கடற்கரைக்குப் போடும் உடுப்போடு இறங்கினால் முதல் வாரமே காய்ச்சல்.

செயலி தொடாத இன்னொரு பகுதி அலுவலக மொழி. வந்து இறங்கிய முதல் மாதத்தில் தேவைப்படுவது முழுக்க அதுதான். 'சீத்தா ப்ரேபியா' என்றால் முன்பதிவு. இது இல்லாமல் பல அலுவலகங்களில் உள்ளே விடமாட்டார்கள். 'எம்பத்ரொனமியேந்தோ' என்பது நகரசபையில் வீட்டு முகவரியைப் பதிவது. கடவுச்சீட்டும் வாடகை ஒப்பந்தமும் கொண்டுபோக வேண்டும். ஆறு மாதத்துக்கு மேல் தங்குகிறவர் நாட்டுக்குள் வந்து ஒரு மாதத்துக்குள் வெளிநாட்டவர் அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும், அதன் பெயர் 'தியே'. வீட்டுக்காரர் கேட்கும் 'ஃபியான்ஸா' முற்பணம். வரிசையில் இலக்கத் துண்டு இல்லாத இடத்தில், உள்ளே போனதும் "கியென் எஸ் எல் உல்திமோ?" என்று கேட்க வேண்டும், கடைசியாக நிற்பவர் யார் என்று. யாரோ கை காட்டுவார், அவருக்குப் பின்னால் நீங்கள். கேட்காமல் சும்மா நிற்பவரை வரிசையில் இருப்பவராக எண்ணமாட்டார்கள். இந்த ஐந்தாறு சொல்லையும் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதுங்கள்.

சாப்பாட்டு அலகுகள் செயலியில் தாராளமாக உண்டு, ஆனால் சைவக்காரருக்கும் காத்தான்குடி, சம்மாந்துறை முஸ்லிம் பிள்ளைகளுக்கும் வேண்டிய நுணுக்கம் இல்லை. 'சின் கார்னே' (இறைச்சி இல்லாமல்) என்று கேட்டால் சூரைமீனோ பன்றித்தொடையோ போட்டுத் தரலாம், அவற்றை இறைச்சிக் கணக்கில் சேர்க்காதவர் பலர். 'சின் செர்தோ, சின் ஹமோன்' என்று பன்றியையும் ஹமோனையும் (பதப்படுத்திய பன்றித்தொடை) பெயர் சொல்லியே விலக்குங்கள். 'மந்தேக்கா' பன்றிக்கொழுப்பு, வெண்ணெய் அல்ல, வெண்ணெய்க்கு 'மந்தெக்கீயா'. கீரைச் சூப் போலத் தெரியும் 'பொத்தாஹே'க்குள் பன்றி விலா எலும்பு கிடப்பது வழக்கம். 'கோஃபியோ' என்ற வறுத்த தானிய மா நமக்கு அந்நியப்படாது, பாலில் கரைத்துக் குடிக்கலாம். மீன் சாற்றில் கிண்டியதற்கு 'எஸ்கல்தாதோ' என்று பெயர். டின்பால் தேத்தண்ணிக்கு ஏங்குகிறவர் 'கொர்த்தாதோ லேச்சே இ லேச்சே' கேட்கலாம், டின்பாலும் பாலும் சேர்த்த சிறு கோப்பி. 'பர்ராக்கீத்தோ'வில் மது சேர்ப்பார்கள்.

காசு கட்ட வேண்டுமா? தேவையில்லை. இலவசக் கணக்கில் தொடர்ந்து படிக்க வரம்பு உண்டு, விளம்பரமும் வரும். நாளுக்கு இருபது நிமிடம் படிக்கிறவருக்கு அது தடையே இல்லை. சொற்களைப் பொறுக்கி அடுக்கும் பயிற்சியை மட்டும் நம்பாதீர்கள். விசைப்பலகைக்கு மாற்றும் வசதி வரும்போதெல்லாம் தட்டெழுதுங்கள், கணினி உலாவியில் அது இன்னும் சுலபம். தொடர்நாள் கணக்கைக் காக்க நள்ளிரவில் பழைய எளிய பாடத்தைத் தட்டிவிட்டுப் படுப்பதால் ஒன்றும் ஏறாது. செயலி காட்டும் புள்ளியைப் பல்கலைக்கழகத்தில் மொழிச் சான்றாகக் காட்டலாம் என்றும் எண்ண வேண்டாம். 'தெலே', 'சியேலே' போன்ற பரீட்சைகள்தான் அதற்குரியவை. தீவுப் பல்கலைக்கழகங்களிலோ பாடங்களுக்குப் புள்ளி பத்துக்குப் போடப்படும், 5 எடுத்தால் சித்தி, 7 முதல் 'நொத்தாப்லே', 9 முதல் 'சொப்ரெசலியேந்தே'.

கடைசி மாதத்தில் செய்ய ஒரு பயிற்சி: எண்களைச் சொல்லக் கேட்டு எழுதுவது. அறுபது 'செசெந்தா', எழுபது 'செதெந்தா'. இரண்டு 'தோஸ்', பன்னிரண்டு 'தோஸே'. செயலியில் எண் வரும் அலகுகளைத் திரையைப் பார்க்காமல் காதால் மட்டும் செய்யுங்கள், பிறகு கேனரிச் செய்தியில் வரும் விலை, நேரம், பாகைகளைக் குறித்துவையுங்கள். பத்தில் எட்டு சரியாக விழுந்தால் சந்தையில் காசு கொடுத்து மிச்சம் வாங்க உங்களால் முடியும்.