அப்பாவின் ஹெட்போன்: ஒரு வருடம் தாண்டிய அனுபவம்

இடது பக்கக் கீல் முறிந்து, திருத்தி எடுத்து வந்தாகிவிட்டது. காதுப்பஞ்சையும் மாற்றியாயிற்று. திருகோணமலை வெக்கைக்கும் உப்புக்காற்றுக்கும் அந்தச் செயற்கைத் தோல் தாக்குப்பிடிக்கவில்லை. கறுப்புக் கறுப்பாக உரிந்து அப்பாவின் காதோரமெல்லாம் ஒட்டிக்கொண்டிருந்தது. திருத்துகிற தம்பி முறிந்த இடத்தைப் பார்த்துவிட்டு, "ஒற்றைக் கையால இழுத்துக் கழட்டுறவர் போல" என்றான். சரியாகச் சொன்னான். டிவியில் இருப்பவர் பொய் சொல்கிறார் என்று அப்பா முடிவுகட்டியதும் ஹெட்போன் கழன்று கதிரையில் போய் விழும். ஒரு விவாதத்தில் அப்படி எத்தனை பொய் வரும் என்று உங்களுக்கே தெரியும். கீல் இவ்வளவு காலம் நின்றதே பெரிய காரியம்.

காதை முழுக்க மூடி வெளிச்சத்தத்தைக் குறைக்கிற, வயரில்லாத வகை. மற்ற விபரமெல்லாம் எல்லா இடமும் கிடக்கிறது, நான் திரும்ப எழுதப் போவதில்லை. 2024 ஜனாதிபதித் தேர்தலுக்குக் கொஞ்சம் முன் வாங்கினேன். வாங்கிய காரணம் எங்கள் வீட்டு இரவு எட்டு மணி.

இலங்கைக்கும் இந்தியாவுக்கும் ஒரே நேரம். அதனால் சென்னை அலைவரிசைகளின் இரவு விவாதம் திருகோணமலை உவர்மலையில் எங்கள் ஹோலுக்கும் சுடச்சுட வந்து சேரும். அது முடியக் கொழும்பு. அதுவும் முடிய யூடியூப். அப்பா ஓய்வுபெற்ற தபாலதிபர், காது கொஞ்சம் மந்தம், டிவிச் சத்தம் எப்போதும் உச்சத்தில். ஆறு சதுரத்துக்குள் ஆறு பேர் இருப்பார்கள். ஒருவர் வாயைத் திறந்தால் மற்ற ஐந்து பேரும் திறப்பார்கள். நெறியாளர் அவர்கள் எல்லாரையும் விடப் பெரிய குரலில் "ஒரு நிமிஷம், ஒரு நிமிஷம்" என்பார். அந்த நிமிஷம் வந்ததை நான் ஒருநாளும் கண்டதில்லை, விளம்பரம்தான் வரும். மகள் அந்த நேரம் சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். அம்மா குசினிக் கதவைச் சாத்திக்கொண்டு இருப்பார்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், கோபம் பிறகு வரும். புளூடூத்தில் படத்தைவிடச் சத்தம் பிந்தும், சத்தத்தைச் சுருக்கி அனுப்புகிற சாதாரண எஸ்பிசி முறையில் கால் செக்கன் வரைக்கும்கூடப் போகும். கிரிக்கெட் பார்த்தால் பந்து மட்டையில் பட்டு ஓடிய பிறகு "டக்" என்று கேட்கும். படம் பார்த்தால் உதடு ஒன்று சொல்லும், காது ஒன்று கேட்கும். விவாதத்துக்கு இது ஒரு குறையே இல்லை. யாருடைய வாயிலிருந்து எந்தச் சொல் வருகிறது என்று அங்கே முதலே தெரியாது.

பெட்டரியை எவ்வளவு புகழ்ந்தாலும் தகும். 2024 செப்டெம்பர் 21 வாக்களிப்பு, அன்றிரவு ஊரடங்கு. யாருக்கும் 50 வீதத்துக்கு மேல் கிடைக்காமல், இந்த நாட்டில் முதல் தடவையாக இரண்டாம் விருப்பு வாக்குகளை எண்ணும் நிலை வந்து, 22ஆம் திகதி மாலைதான் அநுர குமார திசாநாயக்க வென்றதாக அறிவித்தார்கள். அவ்வளவு நேரமும் ஹெட்போன் அப்பாவின் தலையில்தான் இருந்தது. அதன் சார்ஜ் இறங்கவில்லை, அப்பாவின் சார்ஜ்தான் இறங்கியது.

இனி எரிச்சல்.

டிவி அடங்கியது உண்மை. அப்பா அடங்கவில்லை. காதுக்குள் இரைச்சல் இருந்தால் மனிதர் தன்னை அறியாமலே குரலை உயர்த்துவார். 1911இல் லொம்பார்ட் என்ற பிரெஞ்சு வைத்தியர் இதைக் கவனித்து எழுதினார், லொம்பார்ட் விளைவு என்று அவர் பெயரிலேயே சொல்கிறார்கள். போதாததற்குக் காது மூடியிருப்பதால் தன் குரல் எவ்வளவு தூரம் போகிறது என்றும் அப்பாவுக்குத் தெரியாது. அவர் முன்பும் டிவியோடு கதைக்கிற ஆள்தான். அப்போது அது இரைச்சலோடு இரைச்சலாகப் போய்விடும். இப்போது வீடு நிசப்தமாக இருக்க, திடீரென்று "பொய்! பச்சைப் பொய்!" என்று கேட்கும். பிறகு நீண்ட அமைதி. "அது என்ன உன்ர கொப்பன்ர காசா?" திரும்ப அமைதி. படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்குத் தொடர்ந்து வரும் இரைச்சல் பழகிவிடும், இப்படி விட்டு விட்டு வெடிப்பது பழகாது.

பக்கத்து வீட்டு அன்ரி ஒருநாள் மதிலடியில் அம்மாவைக் கூப்பிட்டு, மெதுவாக, "வீட்டில ஏதும் பிரச்சினையோ?" என்று கேட்டிருக்கிறார். அம்மா உள்ளே வந்து என்னிடம் சொன்னது: "முந்தி ஆரோ சண்டை பிடிச்சினம், ஊருக்கே தெரியும் அது டிவி எண்டு. இப்ப எங்கட வீட்டுச் சண்டை மாதிரிக் கிடக்கு." ஹெட்போனைப் பற்றி இதைவிடச் சரியான விமர்சனத்தை நான் எங்கும் படிக்கவில்லை.

நியாயம் என்று ஒன்று இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். விவாதம் கேட்காமல் அப்பாவின் பதில்கள் மட்டும் கேட்கிறபோது, அவருக்கு எவ்வளவு விஷயம் தெரியும் என்று இப்போதுதான் விளங்குகிறது. ஒருநாள், "61, 24, 14! கூட்டிப் பாரடா!" என்று சத்தம். எங்கள் ஊர்ச் சீனக்குடா எண்ணெய்த் தாங்கிகள் முழுவதையும் இந்தியாவுக்குக் கொடுத்துவிட்டார்கள் என்று யாரோ அடித்துவிட்டிருக்கிறார். 2022 ஜனவரி ஒப்பந்தப்படி கூட்டு நிறுவனத்துக்கு 61, பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு 24, இந்திய எண்ணெய் நிறுவனத்தின் கிளையான லங்கா ஐஓசிக்கு 14. மொத்தம் 99. ஒப்பந்தம் நல்லதா கூடாதா என்று தாராளமாகச் சண்டை பிடிக்கலாம். கணக்கைத் தெரிந்துகொண்டு வந்து பிடித்தால் என்ன?

2025 நவம்பரில் எங்கள் ஊரே எல்லாத் திரையிலும் வந்தது. 16ஆம் திகதி இரவு கடற்கரையோர விகாரை வளவில் வைத்த புத்தர் சிலையைப் பொலிஸார் எடுத்தார்கள், மறுநாள் அங்கேயே திரும்ப வைத்தார்கள், கதை நாடாளுமன்றம் வரை போனது. அந்த வாரம் விவாதம் செய்தவர்களில் எத்தனை பேர் இந்தக் கரையில் நின்றிருப்பார்கள் என்று தெரியாது. ஒருவர் அந்த இடத்தைக் கோணேஸ்வரத்துக்குள்ளேயே கொண்டுபோய் வைத்துவிட்டாராம். "அது டச்பே கரையடா! கோயில் மலைக்கு மேல!" என்று அப்பா தொண்டை கிழியக் கத்தினார். 2005 மே மாதம் பஸ் நிலையத்தடியில் சிலை வைத்து, அதைத் தொடர்ந்து வந்த ஹர்த்தால் நாட்களைப் பார்த்தவர்களுக்கு இப்படி ஒரு செய்தி வந்தால் முதலில் பயம்தான் வரும். பிள்ளை ரியூசனுக்குப் போகலாமா, கடை திறக்குமா என்றுதான் யோசனை ஓடும். திரையில் இருந்த முகங்களில் அந்தப் பயம் இல்லை. உற்சாகம் இருந்தது. அப்பாவின் கோபத்தை அந்த வாரம் நான் குறை சொல்லவில்லை.

வெளிச்சத்தத்தை உள்ளே விடுகிற வசதி ஒன்று இதில் இருக்கிறது. அதைப் போட்டால் அவருடைய குரல் அவருக்கே கேட்டு, பாதியாகக் குறைகிறது. நல்ல தீர்வு. ஆனால் அதைப் போட்டால் அம்மா கூப்பிடுவதும் கேட்கிறதாம், அதனால் நிறுத்திவிடுகிறார். அடுத்த வழி, ஒரு பக்கத்தைக் காதுக்கு வெளியே தள்ளி வைப்பது. அதற்கும் சம்மதமில்லை. பெரியவர்களுக்கு 80 டெசிபெல் அளவில் வாரத்துக்கு 40 மணித்தியாலம் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை என்று எடுத்துச் சொன்னேன். "அதை அந்த நெறியாளருக்குச் சொல்லு" என்றார். பதில் சொல்ல முடியவில்லை.

யூடியூப்போடு என் போராட்டம் தனி. விவாதம் முடிந்த கையோடு அதே விவாதத்தை நறுக்கி, "கதறவிட்ட", "வாயடைத்துப்போன", "வெளுத்து வாங்கிய" என்று தலைப்புப் போட்டு வரிசையாகக் கொண்டுவந்து கொட்டும். ஒரே சண்டையை அவர் மூன்று தரம் பார்த்து மூன்று தரமும் கோபப்படுவார். தானாக ஓடுவதை நிறுத்தினேன். பார்த்தவற்றின் பதிவையும் நிறுத்தினேன். அப்படிச் செய்தால் முகப்பில் ஒன்றும் வராது, வெறும் திரைதான். எனக்கு அது கோயில் மாதிரி இருந்தது. அப்பா, "டிவி பழுதாப் போச்சு" என்று என்னைத் திட்டிவிட்டு, ரிமோட்டின் மைக்கில் நெறியாளரின் பெயரைச் சொல்லித் தேடி எடுத்துக்கொண்டார்.

இன்னொரு சின்னக் குறை: போனும் டிவியும் ஒரே நேரத்தில் இணைந்திருக்கும். கனடாவிலிருந்து சித்தப்பாவின் வொய்ஸ் மெசேஜை அப்பா தட்டினால் விவாதம் நின்றுவிடும். நாங்கள் யாருக்கு வாக்குப் போட வேண்டும் என்று சித்தப்பா ரொறன்ரோவிலிருந்து விளக்குவார். அப்பா அவருக்கும் கத்திப் பதில் அனுப்புவார். அது மைக் சோதனைக்கு உதவியது. மைக் மிகத் தெளிவு.

பொருளாகப் பார்த்தால் 5க்கு 4 கொடுப்பேன், கீலுக்கு ஒன்று குறைத்துவிட்டேன். பெட்டரி, சத்தம், பாரம், எதிலும் குறையில்லை. திருத்துச் செலவும் பெரிதில்லை. இப்போது விலை நன்றாக இறங்கியிருக்கிறது, வாங்கலாமா என்று கேட்டு நண்பர் ஒருவர் நேற்றுத்தான் எழுதியிருந்தார். விவாதம் பார்க்கும் அப்பா வீட்டில் இருந்தால் வாங்கவே வேண்டாம் என்று பதில் போட்டேன். காசைக் கொடுத்துச் சண்டையை டிவியிலிருந்து வீட்டுக்குள் எடுத்து விட்டதுதான் மிச்சம்.

விலை இறங்கிய கதையை இரவு அம்மாவிடமும் சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப எனக்கு ஒண்டு எடு. டிவியோட இணைக்காத" என்றார். ஓடர் போட்டிருக்கிறேன். கறுப்பு வேண்டாமாம், வெள்ளை.