உடைந்த எலும்புக்கு எந்தப் பசை?

நடவு நேரத்தில் வரப்பு வழுக்கிக் கையை ஊன்றி விழுந்தால் முதலில் போவது மணிக்கட்டு. அங்கே மூட்டுப் பக்கம் தெறிக்கும் சின்னச் சில்லுகளில் திருகு போட இடமிருக்காது. துளை போட்டாலே சில்லு பிளந்துவிடும். பசை தேவைப்படுவது அந்த இடத்துக்குத்தான். தொடை எலும்புக்கு இன்னமும் பிளேட்டும் ராடும்தான்.

ரத்தம் உறையவைக்கும் புரதத்தாலான ஃபைப்ரின் பசை ரத்தத்தை நிறுத்தும், எலும்பைத் தாங்காது. எலும்பு சிமென்ட் என்கிற பிஎம்எம்ஏ ஒரு அக்ரிலிக் பிளாஸ்டிக்; அது பசையே அல்ல, காரை. எலும்பின் துளைகளுக்குள் புகுந்து இறுகும், அவ்வளவுதான். இறுகும்போது சூடும் கிளம்பும்.

மிச்சம் மூன்று: சூப்பர் க்ளூ வகையான சயனோஅக்ரிலேட், சிப்பி பாறையைப் பிடிக்கும் விதத்தைப் பார்த்துச் செய்த கேட்டகால் பசை, டெட்ராகால்சியம் பாஸ்பேட் தூளோடு பாஸ்போசெரின் (பாஸ்பேட் சேர்ந்த அமினோ அமிலம்) கலந்த கலவை. நாங்கள் எடுத்துக்கொண்டது கடைசியை.

பிடிப்புக்காக அல்ல. நொடிகளில் பிடிப்பதில் சயனோஅக்ரிலேட்தான் முந்தும். ஆனால் உடைந்த இரண்டு முகங்களுக்கு நடுவே கரையாத பசை நின்றால் அது சுவர். புது எலும்பு அதைத் தாண்டி வராது. எக்ஸ்ரேயில் சில்லு இடத்தில் இருக்கும், எலும்பு கூடியிருக்காது. சயனோஅக்ரிலேட் மெதுவாகத்தான் சிதையும், சிதையும்போது ஃபார்மால்டிஹைடை விடும். கேட்டகால் ஈரத்திலும் பிடிக்கும். ஆனால் உடலின் 7.4 பிஎச்சில் ஆக்சிஜன் பட்டால் குவினோன் என்கிற வேறு சேர்மமாக மாறி மேற்பரப்புப் பிடியை இழக்கிறது. ஜெல்லாக இருந்தால் நீர் குடித்து உப்பிச் சில்லை நகர்த்தும். பாஸ்போசெரினின் பாஸ்பேட், எலும்பின் கால்சியத்தையும் தூளின் கால்சியத்தையும் ஒருசேரப் பிடிக்கிறது. பிறகு எலும்பைக் கரைக்கும் செல்கள் அதைத் தின்றுகொண்டே போக, பின்னால் எலும்பு நிரம்புகிறது. மனிதர்களில் நீண்டகால அனுபவம் இன்னும் குறைவு என்பதையும் சொல்லியாக வேண்டும்.

தொல்லை டெட்ராகால்சியம் பாஸ்பேட் தூளில்தான். டைகால்சியம் பாஸ்பேட்டையும் கால்சியம் கார்பனேட்டையும் சம மோலில் கலந்து 1500 டிகிரி செல்சியஸ் அளவில் சுட்டு, சட்டென ஆற்ற வேண்டும். உலைக்குள்ளேயே மெல்ல ஆறவிட்டால் ஹைட்ராக்சிஅபடைட் என்கிற எலும்புக் கனிமமாகவும் சுட்ட சுண்ணாம்பாகவும் பிரிந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை ஈரக்காற்றில் புட்டியைத் திறந்துவைக்கக் கூடாது. சிலிக்கா ஜெல் போட்ட டெசிகேட்டரில் (ஈரம் புகாத மூடிய கலத்தில்)தான் அது இருக்க வேண்டும். பாஸ்போசெரினோடு கலந்து தண்ணீர் விட்டதும் அரை நிமிடத்தில் குழைத்துத் தடவிவிட வேண்டும், சில நிமிடங்களில் கெட்டியாகிவிடும். இறுகிய பிறகு பீங்கான் மாதிரி: அழுத்தம் தாங்கும், வளைத்தால் முறியும்.

சோதிக்க மாட்டுத் தொடை எலும்பு போதும். வேகவைக்கவோ ஃபார்மலினில் போடவோ கூடாது, கொலாஜன் கெட்டுவிடும். சலைனில் நனைத்த துணியில் சுற்றி மைனஸ் 20 டிகிரியில் வைத்து, அறுக்கும்போது தண்ணீர் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஒட்டியதை 37 டிகிரி சலைனில் 24 மணி நேரம் ஊறவிட்டுப் பிறகே இழுக்க வேண்டும். பிரிந்த முகங்களைக் கையில் எடுத்துப் பாருங்கள். இரண்டிலும் வெள்ளைப் படலம் இருந்தால் பசைதான் நடுவில் முறிந்திருக்கிறது. ஒரு முகம் மழமழவென்று சுத்தமாக இருந்தால் பெரும்பாலும் மஜ்ஜைக் கொழுப்பு சரியாகக் கழுவப்படவில்லை.