வொண்டர் வுமன்: முதல் படமா, இரண்டாவதா?

பிரிக்பீல்ட்ஸில் அக்கா வீடு. சனிக்கிழமை இரவுக்கு ஒரே படம்தான் என்று அக்கா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "மாமா, 2017-ல வந்ததா, 2020-ல வந்ததா?" என்று அவர் மகள் கேட்டாள்.

நீளம்: முதலாவது 141 நிமிடம். அடுத்தது 151.

கதை: முதலாவதில் டயானா, அதாவது வொண்டர் வுமன், போர்முனையில் பதுங்குகுழியிலிருந்து ஏணியில் ஏறி, யாரும் கடக்கத் துணியாத வெளியில் கேடயத்தோடு நடக்கிறாள். குண்டுகள் தெறிக்கும்போதுதான் அவள் யாரென்று நமக்கும் அவளுக்கும் சேர்ந்தே புரிகிறது. இரண்டாவதில் அது முன்பே தெரிந்த விஷயம். அந்த இடத்தை ஆசை நிறைவேற்றும் கல் பிடித்துக்கொள்கிறது. டயானாவின் இறந்துபோன காதலன் ஸ்டீவ் வேறொருவர் உடம்பில் திரும்பி வருகிறான், அந்த மனிதரைப் பற்றி யாருமே கவலைப்படுவதில்லை. எனக்கு அது இன்னும் நெருடுகிறது.

வில்லன்: இதில் இரண்டாவதுதான் மேல். பெட்ரோ பாஸ்கல் மகன்மீது பாசமுள்ள அப்பாவாக மனதில் நிற்கிறார். முதல் படத்தில் போர்க் கடவுள் ஏரிஸோடு நடக்கும் கடைசிச் சண்டை வெறும் கிராபிக்ஸ்.

டயானாவை முதன்முறையாகப் பார்ப்பவர்களுக்கு 2017 படம்தான் சரி. ஏற்கெனவே பார்த்துவிட்ட பிள்ளைகளுக்கு இரண்டாவதைப் போடலாம். சிறுமி டயானா ஓடும் தொடக்கப் போட்டி அவர்களுக்கு ரொம்பப் பிடிக்கும். அக்கா மகள் இன்னும் எதையும் பார்த்ததில்லை. முதலாவதைப் போட்டோம்.