வருஷா வருஷம் கேஸ் போட்ட ஏசி

அப்பாவின் அறையில் இருக்கும் ஸ்பிளிட் ஏசிக்கு ஒவ்வொரு கோடையிலும் 'கேஸ் போடுவது' வழக்கமாம். ஸ்கூட்டருக்குப் பெட்ரோல் போடுகிற மாதிரி சர்வசாதாரணமாகச் சொன்னார். ஊருக்குப் போன எனக்கு அதுதான் உறுத்தியது. ஏசிக்குள் இருக்கும் கேஸ் எரிந்து தீர்கிற பொருள் இல்லை. மூடிய செம்புக் குழாய்க்குள் ஆவியாகி, திரவமாகி, அதே கேஸ்தான் ஆயுள் முழுக்கச் சுற்றும். குறைகிறது என்றால் எங்கோ கசிகிறது.

வழக்கமாக வருபவரே முதலில் வந்தார். அவுட்டோர் யூனிட்டில் பிரஷர் பார்க்கும் கேஜை மாட்டினார். "கம்மியா இருக்கு சார், டாப்-அப் பண்ணிட்டா போதும்." லீக் பார்க்கவில்லையா என்றால், "அதெல்லாம் தேடினா ஒரு நாள் போயிடும்." அந்த ஏசி இன்வர்ட்டர் வகை. கம்ப்ரசரின் வேகம் தேவைக்கேற்ப ஏறி இறங்குவதால் கேஜ் முள்ளும் கூடவே ஆடும். அதை மட்டும் பார்த்து எவ்வளவு போடுவது? ஸ்டிக்கரில் ஆர்-410ஏ என்று இருந்தது. அது ஆர்-32, ஆர்-125 இரண்டும் எடையில் பாதிக்குப் பாதி சேர்ந்த கலவை. அந்த விகிதம் மாறாமலிருக்க, சிலிண்டரிலிருந்து திரவமாகத்தான் எடுக்க வேண்டும். இவரோ அடியிலிருந்து உறிஞ்சும் குழாய் இல்லாத சிலிண்டரை நிமிர்த்தியே வைத்து ஆவியாக விடப் பார்த்தார். வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன். அப்பாவுக்குக் கோபம்: "பாவம்டா, நல்ல பையன்." நல்ல பையன்தான், மறுக்கவில்லை.

நண்பர் ஒருவர் அனுப்பிய இரண்டாவது மெக்கானிக் கொண்டுவந்த சாமான்களைப் பார்த்ததுமே நம்பிக்கை வந்தது. எடை பார்க்கும் மெஷின், வாக்யூம் பம்ப், நைட்ரஜன் சிலிண்டர். மிச்சமிருந்த கேஸை காற்றில் திறந்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். ரிகவரி மெஷின் வைத்துத் தனி சிலிண்டருக்குள் இழுத்துவிட்டார். ஆர்-410ஏ ஓசோனைத் தொடாது, ஆனால் புவியைச் சூடாக்குவதில் ஒரு கிலோ கரியமில வாயுவைவிட ஒரு கிலோ இது சுமார் 2,000 மடங்கு பொல்லாதது. மாண்ட்ரியல் ஒப்பந்தத்துக்கு 2016-இல் கிகாலியில் திருத்தம் வந்ததே இந்த வகை கேஸ்களைக் குறைக்கத்தான்.

பிறகு நைட்ரஜனை அழுத்தமாக ஏற்றி, இணைப்புகளில் சோப்பு நுரை தடவினார். அவுட்டோர் வால்வில், விரித்த குழாய் நுனியை இறுக்கிப் பிடிக்கும் ஃப்ளேர் நட்டில் குமிழி பொங்கியது. இத்தனை வருஷக் கேஸும் போன வழி அதுதான்! குழாய் நுனியை வெட்டிப் புதிதாக ஃப்ளேர் அடித்து, இறுக்கத்தை அளந்து முறுக்கும் டார்க் ரெஞ்சால் முறுக்கினார். அடுத்து வாக்யூம். குழாய்க்குள் மிஞ்சிய அழுத்தம் 500 மைக்ரானுக்கு (வாக்யூமை அளக்கும் அலகு) கீழே இறங்கியதும் பம்பை நிறுத்தி, எண் ஏறுகிறதா என்று காத்திருந்தார். "உள்ள ஈரம் தங்கினா ஆயிலோட சேர்ந்து ஆசிட் ஆயிடும் சார், கம்ப்ரசர் போயிடும்." கடைசியில்தான் கேஸ். சிலிண்டரைத் தலைகீழாக எடை மெஷினில் வைத்து, ஸ்டிக்கரில் போட்டிருந்த எடைக்கு ஏற்றினார். குழாய் கூடுதல் நீளமாக இருந்ததால் மீட்டருக்கு இத்தனை கிராம் என்று கையேட்டைப் பார்த்துச் சேர்த்துக்கொண்டார்.

நான் வாழும் குளிர்நாட்டில் வீட்டைச் சூடாக்கும் ஹீட் பம்பும் இதே இயந்திரம்தான். ஒரு ரிவர்சிங் வால்வு கேஸின் ஓட்டத்தைத் திருப்பிவிடும். குளிர்காலத்தில் அதன் பிரஷரை வைத்து அளவு சொல்வது இன்னும் கஷ்டம் என்பதால், அங்கேயும் முழுக்க வெளியே எடுத்துவிட்டு எடைபோட்டு ஏற்றுவதைத்தான் பார்த்திருக்கிறேன்.

கிளம்பும் முன் அப்பாவிடம் சொன்னேன்: "குளிர் குறைஞ்சா, குழாயில ஐஸ் கட்டினா, உடனே கேஸ்னு ஒத்துக்காதீங்க. ஃபில்டர் அடைச்சாலும் அப்படித்தான் ஆகும். முதல்ல அதைக் கழுவிப் பாருங்க. அப்புறமும் கேஸ்தான் கம்மின்னா, லீக் எங்கேன்னு காட்டச் சொல்லுங்க." சரி என்றார். அந்த நல்ல பையனை இனி கூப்பிடக் கூடாதா என்றும் கேட்டார். எடை மெஷினோடு வந்தால் தாராளமாகக் கூப்பிடுங்கள் என்றேன்.