கப்பல் பட்டியலா, பழைய பத்திரிகையா? நேட்டால் தமிழரின் குடும்பத் தேடல்

தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் முன்னோரைத் தேடப் புறப்படும் தமிழர் முதலில் நாடுவது கப்பல் பட்டியலைத்தான். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து டர்பன் வந்த ட்ரூரோ கப்பல் முதல் 1911 வரை வந்திறங்கிய 1,52,184 ஒப்பந்தத் தொழிலாளர்களுக்குத் தனித்தனியே தரப்பட்ட பதிவு எண், பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், தாலுகா, ஊர், உயரம், அங்க அடையாளம் ஆகியவற்றை அது தருகிறது. பூர்வீக ஊரின் பெயரைச் சொல்வதில் எந்தப் பத்திரிகையும் அதற்கு ஈடாகாது.

ஆயினும் தேடலை அங்கே தொடங்குவது வீண் அலைச்சல் என்பதே என் கருத்து. ராமசாமியும் முனியம்மாவும் அந்தப் பட்டியலில் கணக்கற்றோர். இன்று நாம் தாங்கி நிற்கும் நாயுடு, பிள்ளை, மூட்லி (முதலி) போன்ற குடும்பப் பெயர்கள் பல வீடுகளில் கரையிறங்கிய பின்னரே நிலைபெற்றவை என்பதால், அவற்றைக் கொண்டு தேடினாலும் கைக்கு எட்டுவது குறைவு. முன்னோரின் பதிவு எண் தெரியாதவருக்குக் கப்பல் பட்டியல் பூட்டிய பெட்டிதான். அந்த எண்ணை நோக்கி நம்மை நடத்திச் செல்லக்கூடியது பத்திரிகை.

எந்தப் பத்திரிகை என்பது அடுத்த கேள்வி. 1846இல் தொடங்கிய நேட்டால் விட்னசும் 1852இல் தொடங்கிய நேட்டால் மெர்க்குரியும் மிகப் பழையவை. ஆனால் அவை வெள்ளையரின் ஏடுகள். தோட்டத் தொழிலாளி அவற்றில் வழக்கிலோ விபத்திலோ மட்டுமே தலைகாட்டுவார். அப்போதும் பெயரின்றி 'கூலி' என்று எழுதிவிடுவதுண்டு. முன்னோரின் தோட்டமும் காலமும் முன்பே தெரிந்தவருக்குத்தான் அவை பயன்படும்.

1903 ஜூனில் வெளிவரத் தொடங்கிய, காந்தியின் ஏடான இந்தியன் ஒப்பீனியனின் நிலை வேறு. சத்தியாக்கிரகக் காலத்தில் சிறை சென்றவர்களின் பெயர்களை அது வெளியிட்டு வந்தது. தொழிலாளரும் பெண்களும் பங்கேற்ற 1913ஆம் ஆண்டுப் போராட்டத்தின் இதழ்களைப் புரட்டும்போது, வேறெந்த ஏட்டிலும் இடம்பெறாத பாட்டி ஒருத்தியின் பெயர் கண்ணில் படவும் கூடும். 1914 வரையிலான இதழ்களைக் காந்தி பாரம்பரிய இணையதளத்தில் கட்டணமின்றிப் படிக்கலாம். ஆனால் அதில் தமிழ்ப் பகுதி 1906இன் தொடக்கத்திலேயே நின்றுபோயிற்று. 1908இல் பி. எஸ். ஐயர் டர்பனில் தொடங்கிய ஆப்பிரிக்கன் கிரானிக்கிள் தமிழிலும் ஆங்கிலத்திலும் வந்தது. அவர் காந்தியைக் கடுமையாக விமர்சித்தவர். ஆகவே ஓர் ஏட்டில் விடுபட்டவர் மற்றதில் இருக்கக்கூடும் என்பதை மனத்தில் கொண்டு இரண்டையும் அருகருகே வைத்துப் படிக்க வேண்டும்.

இருப்பினும் சாதாரணக் குடும்பத்துக்கு மிகுந்த பலன் தருபவை, புகழ் குறைந்த பிற்கால வார இதழ்களே. 1940களிலிருந்து வந்த லீடர் போன்றவற்றின் மரண அறிவிப்புகளிலும் நினைவஞ்சலிகளிலும் இறந்த நாளும், பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் ஆகியோரின் பெயர்களும் கிடைக்கலாம். துக்கம் தெரிவிப்போர் வரிசையையும் விடாமல் குறித்துக்கொள்ள வேண்டும். ஒன்றுவிட்ட உறவுகள் பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும். இறந்த நாள் தெரிந்துவிட்டால் பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆவணக் காப்பகத்தில் இறந்தவரின் சொத்துக் கோப்பைக் கேட்கலாம். பெற்றோர், துணைவர், பிள்ளைகள் ஆகியோரின் பெயர்களை அது உறுதிசெய்யும். அங்கிருந்து பழைய திருமணப் பதிவுக்குச் சென்றால் எண் அகப்பட வாய்ப்புண்டு. அதன்பின் கப்பல் பட்டியலைத் திறந்தால் போதும்.

கணினித் தேடலை முழுதும் நம்பிவிடக் கூடாது. குப்புசாமி என்பதை ஆங்கில எழுத்தர் 'கே'யில் தொடங்கினாரா 'சி'யில் தொடங்கினாரா என்பது அவரவர் காதைப் பொறுத்தது. ஆகவே ஒரே பெயரைப் பலவிதமாக எழுத்துக்கூட்டித் தேட வேண்டும். தமிழ்ப் பக்கங்களிலோ 'னை', 'லை', 'றா' போன்றவை பழைய வரிவடிவத்தில் இருப்பதால், அவற்றைப் பழகிய கண் ஒன்று பக்கம் பக்கமாகப் படித்தே ஆக வேண்டும். வீட்டில் அந்த எழுத்தில் பாடம் படித்த பெரியவர் யாராவது இருந்தால், காப்பகத்துக்குச் செல்லும்போது அவரையும் உடன் அழைத்துச் செல்லலாம்.