போஸ்ட்கிரஸ் 11-லிருந்து 15-க்கு: மூன்று டெராபைட் டேட்டாபேஸை மாற்றி இரண்டு வருடம் ஆனபின்

2023 ஆகஸ்ட்டில் ஒரு ஞாயிறு அதிகாலை 2:40-க்கு எங்கள் டேட்டாபேஸ், அதை இயக்கும் போஸ்ட்கிரஸ் மென்பொருளின் 11-ஆம் பதிப்பிலிருந்து 15-க்கு மாறியது. பில் போட முடியாமல் நின்ற நேரம் 94 விநாடி. அதற்கான தயாரிப்பு ஐந்து மாதம். இரண்டு வருடம் அதே டேட்டாபேஸோடு வாழ்ந்தபின் எது தேவைப்பட்டது, எதை வேறு மாதிரி செய்திருக்கலாம் என்று இப்போது தெளிவாகச் சொல்ல முடிகிறது.

எங்களுடையது மருந்துக்கடைகளுக்கான பில்லிங் மென்பொருள். ஆஸ்பத்திரிக்குள் இருக்கும் மருந்தகங்கள் ராத்திரி முழுக்கத் திறந்திருக்கும். அவசரப் பிரிவிலிருந்து சீட்டோடு ஓடி வருகிறவர் முன்னால் திரை சுற்றிக்கொண்டு நிற்கக் கூடாது. அதனால் 'ஞாயிற்றுக்கிழமை நாலு மணி நேரம் மூடிக்கொள்கிறோம்' என்ற பேச்சுக்கே இடமில்லை. 11-ஆம் பதிப்புக்கான ஆதரவு 2023 நவம்பர் 9-ஆம் தேதியோடு முடிவதால் தள்ளிப்போடவும் வழியில்லை.

டம்ப் எடுத்து, அதாவது எல்லாத் தரவையும் கோப்பாக வெளியே எழுதி, மீண்டும் ஏற்றுவது சோதனையிலேயே ஒரு நாளைத் தாண்டியது. போஸ்ட்கிரஸோடு வரும் பதிப்பு மாற்றும் கருவியான பிஜி_அப்கிரேடை லிங்க் முறையில் ஓட்டினால் கோப்புகளை நகலெடுக்காமல் சில நிமிடங்களில் முடித்துவிடும். மனசு அதில்தான் இருந்தது. ஆனால் சர்வரும் சென்ட்ஓஎஸ் 7 இயங்குதளத்திலிருந்து ராக்கி லினக்ஸ் 9-க்குப் போக வேண்டியிருந்தது. இந்த இரண்டுக்கும் இடையில், லினக்ஸின் அடிப்படை நூலகமான ஜிலிப்சியின் 2.28-ஆம் பதிப்பில் எழுத்துகளை வரிசைப்படுத்தும் விதிகள் மாறின. '1-1', '11' என்ற இரண்டையும் பழைய சர்வரில் வரிசைப்படுத்தினால் '11' முதலில் வரும். புதியதில் '1-1' முதலில் வரும். எங்கள் மருந்து பேட்ச் எண்களில் பாதிக்கு மேல் ஹைஃபன் உண்டு. பழைய வரிசையில் கட்டிய இன்டெக்ஸை (வரிகளை வேகமாகத் தேட உதவும் பட்டியல்) அப்படியே புதிய சர்வருக்குத் தூக்கிப் போனால், இருக்கிற பேட்சை இல்லை என்று சொல்லும். எழுத்து சார்ந்த எல்லா இன்டெக்ஸையும் திரும்பக் கட்டினால்தான் சரியாகும். அந்த நேரம் எங்களிடம் இல்லை. ஆகவே லாஜிக்கல் ரெப்ளிகேஷன்: பழைய சர்வரில் நடக்கும் மாற்றங்களை வரிவரியாகப் புதியதுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும் முறை. புதிய சர்வரில் இன்டெக்ஸ்கள் அங்கேயே புதிதாக உருவாகும்.

பெரிய அடி கட்ஓவர் அன்று, அதாவது புதிய சர்வருக்கு மாறிய அன்று, விழவில்லை. அதற்கு இரண்டு மாதம் முன்பு, ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றரைக்கு விழுந்தது. பழைய சர்வரில் எல்லா டேபிளுக்கும் சேர்த்து ஒரு பப்ளிகேஷன், அதாவது எந்த டேபிள்களின் மாற்றங்களை அனுப்ப வேண்டும் என்ற பட்டியல், உருவாக்கினேன். அது வெறும் அறிவிப்பு, எதையும் தொடாது என்று நினைத்திருந்தேன். ஒரு நிமிடத்துக்குள் சப்போர்ட் அழைப்புகள் வர ஆரம்பித்தன: ஸ்டாக் திருத்தம் சேமிக்க முடியவில்லை. ஒவ்வொரு வரியையும் தனித்து அடையாளம் காட்டும் பிரைமரி கீ இல்லாத டேபிள் ஒன்று பப்ளிகேஷனுக்குள் வந்துவிட்டால், ரெப்ளிகா ஐடென்டிட்டி (எந்த வரி மாறியது என்று மறுபக்கத்துக்குக் காட்டும் அடையாளம்) இல்லை என்று சொல்லி அதில் நடக்கும் அப்டேட்டையும் டெலீட்டையும் போஸ்ட்கிரஸ் அந்த நொடியே மறுக்கும். இன்சர்ட் மட்டும் போகும். யாரோ எட்டு வருடம் முன்பு கீ இல்லாமல் உருவாக்கிய மூன்று டேபிள்கள் எங்களிடம் இருந்தன. பப்ளிகேஷனை நீக்கி நிலைமை சரியாக ஏழு நிமிடம் ஆனது. அந்த 94 விநாடியைவிட இந்த ஏழு நிமிடம் வாடிக்கையாளர்களுக்குப் பெரிய இடைஞ்சல். கீ இல்லாத டேபிள்களைப் பட்டியலிடும் குவெரி நாலு வரிதான். அதை முதலில் ஓட்டுங்கள்.

முதல் நகலெடுப்பும் லேசில்லை. பில் வரிகள் உள்ள டேபிள் மட்டும் 900 ஜிபி. ஒரு டேபிளை ஒரே வொர்க்கர்தான் நகலெடுக்கும், பிரித்துக்கொடுக்க முடியாது. அது ஓடி முடியும்வரை பழைய சர்வர் தன் வால் (டபிள்யூஏஎல்) கோப்புகளை, அதாவது ஒவ்வொரு மாற்றத்தையும் எழுதிவைக்கும் பதிவுகளை, அழிக்காமல் சேர்த்து வைக்கும். வேக்குவம் என்ற துப்புரவு வேலை ஓடினாலும் செத்த வரிகளை (மாற்றிய, நீக்கிய வரிகளின் பழைய பிரதிகள்) அகற்ற முடியாது. எதுவரை அனுப்பியாயிற்று என்று குறித்து வைக்கும் ஸ்லாட் எவ்வளவு இடம் பிடிக்கலாம் என்று வரம்பு போடும் வசதி 13-இல்தான் வந்தது, 11-இல் இல்லை. டிஸ்க் 88 சதவீதம் தொட்டபோது கூடுதல் வால்யூம் இணைத்தோம். இரண்டாம் முயற்சியில் புதிய சர்வரில் பிரைமரி கீ தவிர மற்ற இன்டெக்ஸ்களை எடுத்துவிட்டு நகலெடுத்தோம். நேரம் ஏறக்குறைய பாதியானது.

அடுத்தடுத்த எண்களைத் தரும் சீக்வென்ஸ் லாஜிக்கல் ரெப்ளிகேஷனில் வராது. ஆவணத்தில் படித்துத் தெரிந்திருந்தும், முதல் ஒத்திகையில் புதிய சர்வரில் போட்ட முதல் பில்லே டூப்ளிகேட் கீ என்று விழுந்தபோதுதான் உறைத்தது. எல்லா சீக்வென்ஸையும் படித்து, ஆயிரம் கூட்டிப் புதியதில் பொருத்த ஒரு ஸ்கிரிப்ட் எழுதினோம். ஜிஎஸ்டி விதிப்படி பில் எண் விடுபடாமல் தொடர வேண்டுமே என்று கேட்கலாம். அந்த எண்ணைக் கடைவாரியாகத் தனி டேபிளில் வைத்திருக்கிறோம், அது மற்ற வரிகளோடு சேர்ந்தே வந்துவிடும்.

கட்ஓவர் அன்று, கடைகளுக்கும் டேட்டாபேஸுக்கும் நடுவில் நிற்கும் பிஜிபவுன்சரில் இணைப்புகளை நிறுத்தி வைத்தோம். கடைகளின் கோரிக்கைகள் அறுந்துபோகாமல் வரிசையில் காத்திருக்கும். அப்படிக் காத்திருக்கும் அளவு இயல்பாக 120 விநாடி. அதை முன்கூட்டியே உயர்த்தியிருந்தோம். ஓடிக்கொண்டிருந்த ஒரு மாதாந்திர அறிக்கை மட்டும் விடவில்லை. இருபது விநாடி பார்த்துவிட்டு அதைக் கொன்றோம். புதிய சர்வர் பின்தங்கியிருந்த அளவு (லேக்) பூஜ்யமானதும் முன்னோக்கிய சப்ஸ்கிரிப்ஷனை (புதியது பழையதிலிருந்து மாற்றங்களை வாங்கும் ஏற்பாடு) நீக்கி, சீக்வென்ஸ்களைப் பொருத்தி, புதியதிலிருந்து பழையதுக்குத் தலைகீழாக ஒரு ரெப்ளிகேஷனைத் தொடங்கிவிட்டுத்தான் கதவைத் திறந்தோம். இந்தத் தலைகீழ் ரெப்ளிகேஷனுக்காக ஒரு மாதம் கூடுதலாகப் போனது. நிர்வாகத்தில் சிலருக்கு அது வீண் செலவாகப் பட்டது. புதியதில் என்ன கோளாறு வந்தாலும் ஒரு பில்கூட இழக்காமல் 11-க்குத் திரும்பலாம் என்ற நிலையில்தான் என்னால் அந்தக் கட்டளையைத் தைரியமாக அடிக்க முடிந்தது. ஒன்பது நாள் ஓடவிட்டு, பிறகு நிறுத்தினோம். திரும்ப வேண்டி வரவில்லை. அடுத்த முறையும் வைப்பேன்.

திங்கட்கிழமை காலை, வழக்கமாக இரண்டு விநாடியில் வரும் காலாவதி மருந்துப் பட்டியல் நாற்பது விநாடி எடுத்தது. 12-இலிருந்து வித் குவெரிகளை (ஒரு குவெரிக்குள் பெயரிட்டு எழுதும் துணைக் குவெரிகள்), ஒரே இடத்தில்தான் பயன்படுகின்றன என்றால், போஸ்ட்கிரஸ் பிரித்து முதன்மைக் குவெரிக்குள் கலந்துவிடுகிறது. 11 வரை அவை தனியாகவே ஓடும். எங்கள் பழைய குவெரி அந்தத் தனிமையை நம்பி எழுதப்பட்டது. மெட்டீரியலைஸ்டு என்று ஒரு சொல் சேர்த்தால் தீரும், ஆனால் 11-க்கு அந்தச் சொல் தெரியாது. திரும்பிப்போனால் குவெரி உடையும். அதனால் உள்ளே, அப்படிக் கலப்பதைத் தடுக்கும் ஆஃப்செட் 0 போட்டோம், இரண்டு பதிப்பிலும் வேலை செய்தது. குவெரியை எப்படி ஓட்டுவது என்று போஸ்ட்கிரஸ் முடிவெடுக்க உதவும் புள்ளிவிவரங்களும் கூட வராது என்பதால், அவற்றைத் திரட்டும் அனலைஸை முந்தைய நாளே ஓட்டியிருந்தோம். இல்லாவிட்டால் இப்படி இன்னும் பத்து குவெரி படுத்திருக்கும்.

இந்த இரண்டு வருடத்தில் பதிப்பு காரணமாக ஒரு ராத்திரியும் எழுந்திருக்கவில்லை. இன்டெக்ஸ்கள் நன்றாக இளைத்துவிட்டன. பி-ட்ரீ வகை இன்டெக்ஸில் ஒரே மதிப்பைத் திரும்பத் திரும்ப எழுதாமல் சுருக்கும், 13-இல் வந்த வசதி ஒரு காரணம், பல வருட வீக்கம் போனது இன்னொன்று. கடை எண்மேல் உள்ள இன்டெக்ஸ் மூன்றில் ஒரு பங்காகிவிட்டது. பேக்கப் எடுக்கும் நேரமும் அதோடு குறைந்தது.

15-க்கு 2027 நவம்பர் வரை ஆதரவு உண்டு. அடுத்து 18-க்குப் போகும்போது லாஜிக்கல் ரெப்ளிகேஷனுக்கு மீண்டும் போகமாட்டேன் என்றே நினைக்கிறேன். இயங்குதளம் மாறப்போவதில்லை, 2025 செப்டம்பரில் வந்த 18-இல் பிஜி_அப்கிரேட் புள்ளிவிவரங்களில் பெரும்பகுதியைக் கூடவே கொண்டு வந்துவிடுகிறது. லிங்க் முறையில் புதிய சர்வரை ஒருமுறை எழுப்பிவிட்டால் பழைய கோப்புகளுக்குத் திரும்ப முடியாது. அதனால் ஒரு ஸ்டாண்ட்பையை (கூடவே ஓடும் நகல் சர்வர்) முன்பே பிரித்து ஒதுக்கி வைப்போம். ஆனால் கதவைத் திறந்தபின் போடும் பில்கள் அந்த ஸ்டாண்ட்பையில் இருக்காது. அதை எப்படி ஈடுகட்டுவது என்று குழுவில் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.