பிட்ச் எழுதும் முன் காதில் மாட்ட வேண்டியது: தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்றுப் பேட்டிகள்

மாணவப் படத்துக்கு எந்த மைக் வாங்கலாம், எந்த லென்ஸை வாடகைக்கு எடுக்கலாம் என்று சொல்லித் தர ஆயிரம் பேர் இருக்கிறார்கள். ஆனால் ஆளைத் திணறடிப்பது கேமராவைத் தொடுவதற்கு முன்னால் இருக்கிற வேலை. யாரைப் பற்றி எடுப்பது, அவரிடம் எதைக் கேட்பது, அதை ஐந்து நிமிடத்தில் ஆசிரியர்களிடம் சொல்லி (பிட்ச் என்பது இதுதான்) எப்படிச் சம்மதம் வாங்குவது? இதற்கெல்லாம் எனக்குக் கைகொடுத்தது ஒரு வெள்ளிகூட வாங்காத ஒரு சேவை: சிங்கப்பூர் தேசிய ஆவணக் காப்பகத்தின் ஆர்கைவ்ஸ் ஆன்லைன் தளமும் அதில் இருக்கும் வாய்மொழி வரலாற்றுப் பேட்டிகளும். வரலாற்றுப் பாடத்துக்கு மட்டும்தான் அது பயன்படும் என்று என் வகுப்பில் பலர் ஒதுக்கிவிட்டார்கள். படம் எடுக்கிறவர்களுக்கு அது எப்படி என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் பாலிடெக்னிக்கில் கடைசி ஆண்டு ஊடகப் படிப்பு படிக்கிறேன். ஒரே ஒரு மனிதரைப் பற்றி எட்டு நிமிட ஆவணப்படம் எடுக்க வேண்டும். நான் தேர்ந்தெடுத்தவர் யீஷூனில் எங்கள் புளோக்கிலேயே இரண்டு மாடி மேலே இருக்கும் பாட்டி. உறவு இல்லை, ஆனால் தொடக்கப்பள்ளி நாளிலிருந்து அவர் வீட்டு முறுக்குதான் எனக்கு. அவர் 1972ல், 19 வயதில், ரோலை கேமரா ஆலையில் வேலைக்குச் சேர்ந்தவர். இப்போது எனக்கும் அதே வயது.

ரோலை என்றால் என் வயதுக்காரர்கள் முழிப்பார்கள். ஜெர்மன் நிறுவனம். சம்பளச் செலவு அங்கே கட்டுப்படியாகாமல் 1970களின் தொடக்கத்தில் சிங்கப்பூரில் ஆலை திறந்தது. ஆயிரக்கணக்கானோர் வேலை பார்த்தார்கள். 1966ல் ஜெர்மனியில் அறிமுகமான ரோலை 35 என்ற உள்ளங்கை அளவு கேமராவைப் பிறகு இங்கேதான் செய்தார்கள். 1981ல் நிறுவனம் நொடித்து, ஆலையும் மூடப்பட்டது. பாட்டி கடைசிவரை இருந்தவர். "அத்தன கேமரா செஞ்சேன், அதுல ஒண்ணுலகூட என்னைய யாரும் படம் புடிச்சதில்ல" என்று ஒரு நாள் லிஃப்டில் போகிற போக்கில் சொன்னார். என் லாக்லைன், அதாவது படத்தை ஒரே வரியில் சொல்லும் வாசகம், அங்கேயே கிடைத்துவிட்டது.

ஆனால் ஒரு நல்ல வரி மட்டும் பிட்ச் ஆகிவிடாது. அப்போதுதான் இந்தப் பேட்டிகளுக்குள் போனேன்.

வாய்மொழி வரலாற்றுப் பிரிவு 1979ல் தொடங்கப்பட்டது. ஆங்கிலம், மாண்டரின், மலாய், தமிழ், சீன வட்டார மொழிகள் என்று பல மொழிகளில் பேட்டிகள் இருக்கின்றன. ஒவ்வொரு பேட்டியையும் ரீல் ரீலாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஒரு ரீல் ஏறக்குறைய அரை மணி நேரம், சிலரிடம் பத்து இருபது ரீல் வரை பேசியிருக்கிறார்கள். பல ரீல்களுக்கு உள்ளடக்கச் சுருக்கம் இருக்கிறது, சிலவற்றுக்கு முழு எழுத்து வடிவமும் இருக்கிறது. எம்ஆர்டியில் ஒரு ரீல் கேட்டுக்கொண்டே போனால் யீஷூனிலிருந்து நகரத்துக்கு வந்துவிடலாம்.

இதில் எனக்குக் கிடைத்த பெரிய லாபம், கேள்வி கேட்கும் கலை. பேட்டி எடுப்பவர்கள் குரலை உயர்த்துவதே இல்லை. பிறந்த இடம், அப்பா என்ன வேலை, வீட்டில் எத்தனை பேர், எந்தப் பக்கம் அடுப்பு என்று தரையிலிருந்து தொடங்குகிறார்கள். "அது உங்களுக்கு எப்படி இருந்தது?" என்று உணர்ச்சியைப் பிடுங்கும் கேள்வி அபூர்வம். "அப்புறம் என்ன செய்தீர்கள்?", "அந்த அறையில் வேறு யார் இருந்தார்கள்?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருக்கிறார்கள். அந்தச் சும்மா இருத்தலை எந்தப் பாடப்புத்தகமும் எனக்குக் காட்டவில்லை. பேசுகிறவர் நிறுத்துகிறார், இரண்டு மூன்று விநாடி டேப்பின் இரைச்சல் மட்டும் ஓடுகிறது, அதன் பிறகுதான் நல்ல விஷயம் வருகிறது.

இதையே பாட்டியிடம் செய்து பார்த்தேன். கேமரா இல்லை, போனில் ஒலிப்பதிவு மட்டும். காலையில் எத்தனை மணிக்கு எழுந்தீர்கள், கம்பெனி பஸ் எங்கே நிற்கும், பக்கத்து இருக்கையில் யார்? அவ்வளவுதான் கேட்டேன். பஸ் ஏறும் முன் நகத்தை ஒட்ட வெட்டிக்கொண்டது, தயாரிப்பு லைனில் தூசு படக்கூடாது என்று முகப்பவுடர் போடாமல் போனது, வேலை முடிந்து கழிவறைக் கண்ணாடி முன்னால் எல்லாப் பெண்களும் வரிசையாக நின்று பவுடர் பூசிக்கொண்டது என்று எல்லாம் தானாக வந்தன. பவுடர் பூசும் அந்த வரிசையை என் ட்ரீட்மென்டின் (படம் எப்படி இருக்கும் என்று விவரிக்கும் குறிப்பு) இரண்டாவது பத்தியில் அப்படியே வைத்தேன். பிட்ச் கேட்ட ஆசிரியர்கள் மூன்று பேரில் இரண்டு பேர் அந்த இடத்தில்தான் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். மூன்றாமவர் கடைசிவரை போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், அவரை விட்டுவிடுவோம்.

பேட்டிகளின் முதல் பெரிய திட்டமே சிங்கப்பூரின் முன்னோடிகளைப் பற்றியது. அப்புறம் ஜப்பானிய ஆக்கிரமிப்புக் காலம், சமூகங்கள் என்று விரிந்தது. முதலாளி, அதிகாரி, சமூகத் தலைவர் குரல்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. ஆலையில் திருகாணி முடுக்கிய பெண்ணின் குரலுக்குக் கொஞ்சம் கூடுதலாகத் துழாவ வேண்டும். பிட்ச் எழுதுகிறவருக்கு இது நல்ல செய்தி என்றே சொல்வேன். "ஏன் இந்தப் படம், ஏன் இப்போது?" என்ற கேள்வி எல்லா பிட்ச்சிலும் வரும். "தொழில்மயம் பற்றி நாட்டை நடத்தியவர்கள் நிறையப் பேசிவிட்டார்கள், லைனில் உட்கார்ந்த ஒரு தமிழ்ப் பெண் தமிழிலேயே பேசட்டும், அவருக்கு எழுபது தாண்டிவிட்டது" என்று சொன்னேன். காப்பகத்தைக் கேட்டிருக்காவிட்டால் இந்தப் பதிலை இவ்வளவு தைரியமாகச் சொல்லியிருக்க முடியாது.

தேடும்போது ஒரு யுக்தி. தமிழ்ப் பெயர்கள் ஆங்கிலத்தில் எப்படி எழுதப்பட்டிருக்கும் என்று ஊகிக்க முடியாது. லட்சுமி என்று தேடினால் போதாது, லெட்சுமி, லெட்சிமி, லெச்சுமி என்று நம் ஊர் அடையாள அட்டைகளில் இருக்கும் எல்லா எழுத்துக்கூட்டலையும் போட்டுப் பாருங்கள். ஆளின் பெயரைவிடத் தொழில், இடம், ஆண்டு ஆகியவற்றை வைத்துத் தேடுவது வேகமாகப் பலன் தரும்.

பேட்டிகளோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது தேசிய நூலகத்தின் பழைய செய்தித்தாள் தளமான நியூஸ்பேப்பர்எஸ்ஜி. ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸில் ரோலை என்று தேடி, விளம்பரங்களை மட்டும் பிரித்துப் பார்த்தேன். கேமரா விளம்பரமும் வேலை விளம்பரமும் அருகருகே வந்து நிற்கும்போது ஒரு காலமே கண்முன் விரிகிறது. பாட்டி சொன்ன ஆண்டுகளைச் சரிபார்த்ததும் இங்கேதான். மனிதர்களின் நினைவு அவர்களுக்கு உண்மை, ஆனால் பிட்ச்சில் ஆண்டு தப்பினால் நம் மேல்தான் பாயும். 1935ல் தொடங்கிய தமிழ் முரசின் பழைய இதழ்களும் இதில் உண்டு, தேதி வாரியாகப் புரட்டலாம். படம் சம்பந்தமாக எதுவும் கிடைக்காத நாளிலும் சினிமா விளம்பரங்களைப் பார்த்தே நேரம் போய்விடும், எச்சரிக்கை.

பழைய செய்திகள் வீட்டிலிருந்தே திறக்கும். சற்றுப் பிந்தைய ஆண்டுகளுக்குப் பூட்டுக் குறி வரும், நூலகக் கணினியில்தான் பார்க்க முடியும். விக்டோரியா தெருவில் 2005ல் திறந்த தேசிய நூலகக் கட்டடம், ஏழாம் மாடியிலிருந்து லீ கொங் சியான் மேற்கோள் நூலகம். புத்தகங்களை வீட்டுக்கு எடுத்துப்போக முடியாது, அங்கேயே உட்கார்ந்து படிக்கலாம். ஜாக்கெட் கொண்டு போங்கள், குளிர் எலும்பைத் தொடும். பொது விடுமுறை நாளில் திறந்திருக்காது.

இனி உரிமை விஷயம். மாணவர்கள் இதில்தான் அசட்டையாக இருக்கிறார்கள். கேட்பது இலவசம் என்பதால் ஒலியை வெட்டிப் படத்தில் போட்டுக்கொள்ளலாம் என்று அர்த்தமில்லை. பேட்டியோ பழைய புகைப்படமோ படத்தில் வரவேண்டுமானால் தனியாக அனுமதி கேட்க வேண்டும், அதற்கு நாள் ஆகும். சில பேட்டிகளைக் கேட்பதற்கே அனுமதி வேண்டும், ஏனென்றால் பேசியவர்களே நிபந்தனை போட்டிருக்கலாம். நான் காப்பகத்தின் ஒலி எதையும் படத்தில் வைக்கப்போவதில்லை என்று முடிவெடுத்து அதை பிட்ச்சிலேயே எழுதிவிட்டேன். ஒரு தலைவலி குறைந்தது.

அந்த நிபந்தனை முறை எனக்கு இன்னொரு வகையிலும் உதவியது. எங்கள் பாடத்தில் சம்மதப் படிவம் என்றால் ஒரு பக்கம், கீழே கையெழுத்து, முடிந்தது. நான் பாட்டியிடம், "எதைப் படத்தில் காட்டக்கூடாது, பாட்டி?" என்று முதலிலேயே கேட்டேன். கொஞ்சம் யோசித்து, "கல்யாணப் படம் வேணாம்மா. அப்புறம் என் தங்கச்சி பேர சொல்லாத" என்றார். காரணம் கேட்கவில்லை. இரண்டையும் படிவத்தில் எழுதி, அவருக்குப் படித்துக் காட்டிய பிறகு கையெழுத்து வாங்கினேன். அதன் பிறகு அவர் பேசிய விதமே மாறிவிட்டது, தயக்கமில்லாமல் பேசினார்.

இந்தச் சேவைக்கு என்னுடைய மதிப்பெண் ஐந்துக்கு நாலரை. அரை மதிப்பெண் குறைத்தது, பேட்டிகள் பெரும்பாலும் ஒலிதான் என்பதால். காதுக்குப் பயிற்சி கிடைக்கும், கண்ணுக்கு வேறு இடம் தேட வேண்டும். பிட்ச்சில் எனக்கு வந்த கடினமான கேள்வியும் அதுதான்: "பாட்டி உட்கார்ந்து பேசுகிறார், சரி. நாங்கள் எதைப் பார்ப்போம்? இது வானொலி நிகழ்ச்சி இல்லையே?"

அதற்கு என்னிடம் ஒரு நிமிட டீசர் இருந்தது. வகுப்புத் தோழனின் தாத்தாவிடமிருந்து இரவல் வாங்கிய ஒரு ரோலை 35, உடலில் சிங்கப்பூரில் செய்தது என்ற எழுத்தோடு. ஃபிலிம் சுற்றும் நெம்பு இடது கைப் பக்கம், ஃபிளாஷ் மாட்டும் இடம் கேமராவின் அடியில், எல்லாம் ஏறுக்குமாறான சாமான். அதைப் பாட்டியின் மடியில் வைத்து, போனைக் கைகளுக்கு மேலே பிடித்துக்கொண்டேன். மூக்குக்கண்ணாடியைக்கூட அவர் தேடவில்லை. விரல் நேராக லென்ஸுக்குப் போனது, இழுத்துத் திருப்பிப் பூட்டினார். நான் அதை மறுபடி உள்ளே தள்ளப் போனபோது கையைத் தட்டிவிட்டார். "சுத்தாம தள்ளாத, ஒடஞ்சிடும்!" ஷட்டரைச் சுற்றி ஏற்றிய பிறகுதான் அந்த லென்ஸ் உள்ளே போகும் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். டீசர் அவ்வளவுதான், முகமே வராது. அதைப் போட்டுக் காட்டிய பிறகு வானொலிப் பேச்சு எழவில்லை.

கண்ணுக்குப் பயிற்சி வேண்டுமானால் அதே காப்பகத்தின் கென்னிங் ரைஸ் கட்டடத்தில் ஓல்டம் அரங்கு இருக்கிறது. 2019ல் கட்டடத்தைப் புதுப்பித்துத் திறந்தபோது வந்தது. ஆசியத் திரைப்படக் காப்பகம் அங்கே படங்கள் போடுகிறது. மிடில் ரோட்டில் அப்ஜெக்டிஃப்ஸ் இருக்கிறது, புகைப்படமும் குறும்படமும் பார்க்கிறவர்களுக்கு நல்ல இடம். இவற்றைப் பற்றித் தனியாக எழுதலாம்.

பிட்ச் தேறிவிட்டது, ஒரு நிபந்தனையோடு: எட்டு நிமிடத்தை ஆறாக்க வேண்டும். வீட்டுக்குள் எடுக்கப் பாட்டியின் சம்மதம் போதும், புளோக்கின் கீழ்த்தளத்தில் எடுக்க நகர மன்றத்துக்கு எழுதியிருக்கிறேன். பட்ஜெட்டில் பெரிய செலவு எதுவும் இல்லை, இரண்டு ஃபிலிம் ரோல், கழுவும் கூலி, பாட்டிக்குப் பிடித்த கடையிலிருந்து மத்தியானச் சாப்பாடு.

இப்போது இடிப்பது ஒன்றுதான். இரவல் வாங்கிய கேமராவில் ஷட்டர் இறுகிக் கிடக்கிறது, படம் எடுக்க முடியாது. பெனின்சுலா பக்கம் பழைய கேமராக் கடைகளில் நல்ல நிலையில் இருப்பதைக் கேட்டால் சில நூறு வெள்ளி சொல்கிறார்கள், என் பட்ஜெட்டுக்கு அது எட்டாது. உங்கள் வீட்டில், தாத்தா அலமாரியில், இங்கே செய்த ரோலை 35 வேலை செய்யும் நிலையில் இருந்தால் ஒரு வார இறுதிக்கு மட்டும் தந்து உதவுங்கள். பாட்டியை அதில் ஒரு படம் எடுக்க வேண்டும். தள்ளும் முன் சுற்றுவேன்.